காணப்படவில்லை

அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோபத்தோடு எழுத உட்கார்ந்தால் இந்த மாதிரி விஷயங்கள்தான் விட்டுப்போகும்.

எங்கள் வீட்டில் அவர் முதன்முதலாகச் சாப்பிட்டது ரவை உப்புமா. எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். ஒரு வாய் மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, "உப்பு போட மறந்துட்டேள்" என்றார். மறந்துதான் இருந்தேன். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டே எழுந்தார். பஸ்ஸில் தூங்கிப்போய் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டால், இறங்கும் முன் கண்டக்டரைத் தேடிப்போய் மிச்ச தூரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொள்வார். தன்னிடம் படித்த ஒரு பையனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள், அவன் எப்படிப்பட்டவன் என்று இவரிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். புத்திசாலி, ஆனால் பிராக்டிகல் பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் வரைந்ததைப் பார்த்து வரைவான் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் நின்றுபோனது. இதை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கேட்டார்கள், சொன்னேன் என்பதோடு சரி.

கேட்டால் சொல்வார். அவரைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும். எனக்கு அது புரிவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. எல்லோரும் காலி என்று சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு காலத்தில் ஏதோ மருந்துக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ் அங்கே இருந்ததாம். இடித்துப்போட்ட பிறகு சுற்றுச்சுவர் மட்டும் மிஞ்சியது. உள்ளே எங்கள் பக்கச் சுவரை ஒட்டி வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். நடுவில் ஒரு பள்ளம். மழை விழுந்ததும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், கோரை முளைக்கும், தவளைகள் கத்தும். மரங்களில் குருட்டுக்கொக்குகள் கூடு கட்டும். கூடவே வக்கா என்கிற இராக்கொக்கும் வரும். மூன்றாவது மாடியில் என் சமையலறை ஜன்னல் அந்தக் கூடுகளுக்கு நேர் எதிரே. ஆண் கொக்கு குச்சி கொண்டுவந்து நீட்டும், பெண் அதை வாங்கிச் செருகும். பிடிக்காத குச்சியைக் கீழே போட்டுவிடும். அந்தக் குச்சிகளும் எச்சமும் தரைத்தளத்து நூர்ஜஹான் அக்காவின் துணிக்கொடி மேல் விழும். அக்காவுக்கு ஊர் காயல்பட்டினம் பக்கம். அவள் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. வருஷா வருஷம் கொக்குகளை வாய்நிறையத் திட்டுவாள். ஒரு வருஷம் அவை வரச் சற்றுத் தாமதமானபோது, என்ன இன்னும் காணோம் என்று என் கதவைத் தட்டிக் கேட்டவளும் அவள்தான்.

அந்த மனையை ஒரு பில்டர் வாங்கினார். இரண்டு டவர் கட்டத் திட்டம். கட்டுவதற்கு முன்னால் அங்கே என்ன மரம், செடி, பறவை, பிராணி இருக்கிறது என்று விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். டவர் வரக்கூடாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்கள் சொசைட்டி செக்ரட்டரி விசாரித்துவிட்டு வந்து சொன்னது இது: கூடு இருக்கிறது என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை மரத்தில் கை வைக்க அனுமதி கிடைக்காது. மழைக்காலம் முடிந்ததும் வெட்டிக்கொள்ளட்டும். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

பில்டர் பணம் கொடுத்து அறிக்கை எழுத அனுப்பியவர் அவர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், மாட்டுங்காவில் வீடு. மே மாத வெயிலில் கறுப்புக் குடையோடு கேட்டில் நின்று தண்ணீர் கேட்டவரை, மதராஸி என்று வாட்ச்மேன் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு அலுவலக வேலை வீட்டிலிருந்தே. அந்த நாட்களில் அவர் வந்தால் மேலே வந்து தண்ணீரோ மோரோ குடித்துவிட்டுப் போவார்.

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஒரு நாள் அவரோடு நானும் மனைக்குள் போனேன். காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, முகர்ந்து, பெயர் சொன்னார். எனக்குச் சுள்ளியாகத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஆளாகத் தெரிந்தது. வெடித்துக் கிடந்த பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மண்ணை விரலால் கிளறி, "இது செத்துப்போகலை. உள்ளே கிழங்கு இருக்கு. மழை வந்தா எழுந்துக்கும்" என்றார். தொட்டிலில் தூங்கும் குழந்தையைக் காட்டுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். பிறகு கிளறிய மண்ணை அதன் மேலேயே தள்ளி மூடினார்.

பழைய கூடுகளின் குச்சிகள் இன்னும் தங்கியிருந்த மரங்களுக்கு அடியில் மட்டும் அவர் போகவில்லை. அந்த வெயிலில் நிழலை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஏன் நடக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

எப்போதும் மதியத்தில்தான் வந்தார். நான் கேட்டேன்.

"பறவையெல்லாம் காலையிலயும் சாயங்காலமும்தானே சார் வரும்?"

"ஆமாம்."

"அப்போ காலையில வரலாமே?"

"வரலாமே" என்றார்.

மறுநாளும் மதியம்தான் வந்தார்.

ஜூன் பிறந்து முதல் மழை இறங்கியது. கொக்குகள் வந்து குச்சி பொறுக்க ஆரம்பித்திருந்தன. ஆய்வு முடிந்துவிட்டது, அறிக்கையைக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் வேண்டுமென்றே சமையலறை மேஜையில் டீ வைத்தேன். ஜன்னலைப் பார்த்தபடி போட்டிருந்த நாற்காலியை அவர் தூக்கி, சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் தலைக்குப் பின்னால், கையெட்டும் தூரம் போல, ஒரு கொக்கு கூட்டில் குச்சி செருகிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் மண் நிறமாக இருக்கும் பறவை, இனப்பெருக்கக் காலத்தில் முதுகெல்லாம் அரக்குச் சிவப்பாகிவிடும். அதை எனக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். அது இங்கிலீஷில் இருந்தது. எனக்காகத் தமிழில் சொன்னார். பறவைக் கூடுகள்: ஆய்வின்போது காணப்படவில்லை.

"இல்லைன்னு எழுதிட்டீங்களா சார்?"

அவருக்கு முகம் மாறியது. அன்றுதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன்.

"இல்லைன்னு நான் எங்கே எழுதினேன்? காணப்படலைன்னு எழுதியிருக்கேன். இல்லைன்னு எழுதினா பொய். காணப்படலைன்னா நிஜம். நான் பொய் எழுதறவன் இல்லேம்மா."

"அப்போ இப்போ திரும்பிப் பாருங்க. உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு."

"வேண்டாம்."

"ஏன் சார்?"

"பார்த்தா எழுதணும்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே அந்தக் கொக்கு தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு குரல் கொடுத்தது. அவர் கையில் இருந்த டம்ளர் ஒரு கணம் நின்றது. பிறகு வாய்க்குப் போனது. முன்பு ஒரு முறை, வேறொரு இடத்தில், பார்த்ததை எல்லாம் எழுதியதாகச் சொன்னார். அந்த அறிக்கையை யாரும் படிக்கவில்லை. அதன்பின் வெகுநாள் அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. அவருக்குப் பதிலாகப் போனவனுக்கு வக்காவும் தெரியாது, மடையான் என்கிற குருட்டுக்கொக்கும் தெரியாது. இருப்பது தெரியாமலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். "நான் போனாலாவது…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க போனாலாவது என்ன சார்?"

டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "டீ ஆறிப்போச்சு" என்றார். அதுவும் உண்மைதான்.

அவர் போனபின் கீழே போய் நூர்ஜஹான் அக்காவிடம் சொன்னேன். துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள். "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு செல்வி. பார்வையத்தான் வாடகைக்கு விட்டிருக்காரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தக் கொக்குக்குப் போய்க் குருடுன்னு பேரு வச்சிருக்கானுவ பாரு. இவருக்குல்லா வச்சிருக்கணும்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் கட்டிடத்தின் தமிழ் வீடுகளில் அவருக்கு அதுதான் பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் கோபம் சிரிப்பாகிவிடும் என்று பயம்.

செக்ரட்டரி ஆட்சேபம் எழுதிக் கொடுத்ததால், மாநகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். எங்கள் காம்பவுண்டிலேயே, பின்சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பில்டரின் ஆட்கள் வந்தார்கள். அவரும் வந்தார். மடித்த குடையைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே கூடுகள். தார்ப்பாயில் எச்சம் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒரு முறை அதிகாரி அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவரைப் பார்த்து அதிகாரி ஹிந்தியில் கேட்டார்: "ப்ரொஃபசர் சாப், கோன்ஸ்லா ஹை க்யா?" கூடு இருக்கிறதா என்று கேள்வி.

"சர்வே கே டைம் நஹீ திகா" என்றார் அவர். ஆய்வின்போது கண்ணில் படவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "நஹீ ஹை" என்றார். இல்லை.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திகா வேறு, ஹை வேறு என்று அந்தக் கூட்டத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. எங்கள் வீட்டு மேஜையில் அந்த ஒரு சொல்லுக்காக என்னிடம் முகம் சிவந்தவர். இப்போது தன் சொல்லை ஒருவர் தன் எதிரிலேயே மாற்றி எழுதுகிறார், அவர் குடைக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் அவர் சொல்லவில்லை.

நான் எழுந்து, தலைக்கு மேலே கத்துவது என்ன என்று கேட்டேன். உட்காருங்கள் மேடம், ரிப்போர்ட்டில் இல்லை என்றார் அதிகாரி. கோபம் வந்தால் எனக்கு முதலில் ஹிந்திதான் போய்விடும். தமிழில் ஏதோ சொன்னேன். அங்கே இருந்தவர்களில் அது புரிந்தவர்கள் சிலரே. அவர்களில் அவரும் ஒருவர்.

மரம் வெட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பார்த்ததைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஜன்னலில் நின்றேன். கீழே மனைக்குள் கறுப்புக் குடை. பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கோரைப் புதரை வேரோடு தோண்டி எடுத்துப் பால் பாக்கெட் உறையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நேராக மரங்களுக்கு அடியில் போனார். கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து மேலே பார்த்தார். ஒவ்வொரு கூடாகப் பார்த்தார். குடை தோளிலிருந்து நழுவி மழையில் நனைந்தார். அது கூடத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினேன்.

"இப்போ பாக்கீங்களே சார்?"

அவர் திடுக்கிடவில்லை. பைனாகுலரை என்னிடம் நீட்டினார். அந்தக் கடைசிக் கூட்டைப் பாருங்கோ, முட்டை பொரிஞ்சிருக்கு என்றார். நான் வாங்கவில்லை.

"ரிப்போர்ட்ல இதை எழுதணும்ல சார். உங்க கண்ணுல பட்டுட்டுல்லா."

"இது ஆய்வு இல்லேம்மா" என்றார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. ஆய்வு வேறு, ஞாயிற்றுக்கிழமை வேறு என்று அவர் உண்மையாகவே நினைத்தார். நாளைக்கே போய் அதிகாரியிடம் சொல்லுங்கள் என்றேன். கேட்டால் சொல்கிறேன் என்றார். நான்தானே கேட்கிறேன் என்று கத்தினேன். நீங்கள் கேட்டதற்குத்தான் சொன்னேனே, முட்டை பொரிந்திருக்கிறது என்றார். வாட்ச்மேன் குரல் கேட்டு எட்டிப் பார்த்தான். ஒரு வயதானவரை ஒரு பொம்பளை மழையில் நின்று திட்டுகிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும். பால் உறையில் இருந்த கோரையின் வேரில் மண் கரைந்து, அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. கவனமாக அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஒரு அதிகாரி சோம்பேறியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. பில்டர் பில்டராக இருப்பதற்கு நான் ஏன் கோபப்பட வேண்டும்? தெரியாதவன் தெரியாமல் செய்தால் போய்ச் சொல்லலாம், காட்டலாம், சண்டை போடலாம். இவரிடம் எதைக் காட்டுவது? நான் காட்டக்கூடிய எல்லாமே அவர் எனக்குக் காட்டியதுதானே.

குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்கு வந்து கழுத்தை நீட்டத் தொடங்கியிருந்தபோது வெட்டினார்கள். நல்ல மழை. மெஷின் ரம்பத்தின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. கிளைகள் கயிற்றில் கட்டி இறக்கப்படவில்லை, அப்படியே விழுந்தன. பெரிய கொக்குகள் மேலே சுற்றிக்கொண்டே இருந்தன, உட்கார இடமில்லாமல். நூர்ஜஹான் அக்கா நைட்டியின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டறையிலிருந்து வந்திருந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தாள். அவள் வயதில், அவள் உடம்போடு. ரம்பம் பிடித்தவனிடம் ஹிந்தியில் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. அவன் மெஷினை நிறுத்திவிட்டு, குஞ்சு பொறுக்க அவனும் குனிந்தான். பெரும்பாலானவை செத்திருந்தன. உயிரோடு இருந்தவற்றில் சிலதைப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் பிள்ளைகள் வந்து வண்டியில் எடுத்துப்போனார்கள். அவர்கள் போன பிறகு கிளைக்கு அடியிலிருந்து இன்னொன்று கிடைத்தது.

"இதை அவருகிட்ட கொண்டுபோய்க் காட்டு" என்றாள் அக்கா. "நானும் வாரேன்." நான் மட்டும் போகிறேன் என்றேன்.

சயானைத் தாண்டி நகரத்துக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. அங்கே இறங்கி, மாட்டுங்காவில் அவர் வீட்டுக்கு டாக்ஸி பிடித்தேன். மடியில் பெட்டி. உள்ளே அது சுரண்டிக்கொண்டிருந்தது. வழி நெடுக என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன்.

கதவைத் திறந்தவரின் முகத்துக்கு நேரே பெட்டியைத் திறந்து, "இப்போ கண்ணுல படுதா சார்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அதை எடுத்தார். விரலால் கால்களை, இறக்கையை, மார்பெலும்பைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, குளிர்ந்திருக்கிறது என்றார். பழைய பனியனில் சுற்றி, மேஜை விளக்கின் அடியில் வைத்தார். முட்டைகூட நுழையாத வீடு அது. பையை எடுத்துக்கொண்டு கீழே போய், சின்ன மீன் வாங்கிவந்து, செடி வெட்டும் பிளேடால் நறுக்கினார்.

அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் பால்கனியைப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் தொட்டிகள், டப்பாக்கள், பால் உறைகள். எல்லாம் அவர் ஆய்வு செய்த மனைகளிலிருந்து, ஆய்வு முடிந்த பிறகு தோண்டிக்கொண்டு வந்தவையாகத்தான் இருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் அழகான கையெழுத்தில் செடியின் பெயர். எங்கள் பள்ளத்துக் கோரை செழிப்பாக வளர்ந்து நின்றது. எந்தத் தொட்டியிலும் அது எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மனையிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கவில்லை.

வந்து உட்கார்ந்து, குஞ்சின் அலகை ஓரத்தில் மெல்ல அழுத்தித் திறந்து, ஒரு துண்டு மீனை வைத்தார். அது துப்பியது. மறுபடி வைத்தார். துப்பியது. மூன்றாவது முறை விழுங்கியது. அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எங்கேருந்து கொண்டுவந்தேள்னு மட்டும் சொல்லிடாதீங்கோ" என்றார்.

சொன்னேன். தெருப் பெயர், கட்டிடத்தின் பெயர், சுவரோரம் எந்த மரம், என் ஜன்னலிலிருந்து எந்தப் பக்கக் கிளை, எல்லாம் சொன்னேன். அக்கம்பக்கத்துக் கதவு திறக்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். செத்துக் கிடந்தவற்றை அக்கா எப்படிப் பெட்டியில் அடுக்கினாள் என்பதையும் சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிராமல் அடுத்த துண்டை வைத்தார். அது வாங்கிக்கொண்டது.

அதை அவரிடம் விட்டுவிட்டு வரக்கூடாது என்று எழுந்தேன். பெட்டியைக்கூடத் திறந்து பிடித்தேன். ஆனால் அதன் வாயை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அதை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.